வாமடை இல்லாத வரப்பு

தம்பி,

உன் கல்யாண அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவதற்காகக் கட்டைப் பிரித்துக் கூடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெற்றவள் என் பெயரும் பிள்ளை உன் பெயரும் அதில் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. நீயும் நானும் அவ்வளவு பக்கத்தில் நின்று ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பது அச்சுக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் பாட்டுக்குச் சேர்த்துப் போட்டுவிட்டார். நான்தான் விரலில் மஞ்சளை வைத்துக்கொண்டு அந்த இரண்டு வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் நேரில் சொல்லலாமே என்று யாராவது கேட்பார்கள். நேரில் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே பைக் சாவியைத் தேடுவாய். சாவி உன் சட்டைப்பையிலேயே இருக்கும், இருந்தாலும் தேடுவாய். போனில் அனுப்பலாம் என்றால், என் நம்பரிலிருந்து வரும் எதையும் நீ திறப்பதில்லை. அதனால் நான் மாதாமாதம் வாங்கும் இதழுக்கு இதை எழுதி அனுப்பப்போகிறேன். பெயர் போட வேண்டாம் என்றும், மாசியில் உன் கல்யாணம் முடிந்தபிறகு வெளியிட்டால் போதும் என்றும் கேட்டுக்கொள்வேன். நீ படிக்க மாட்டாய். ஆனால் உனக்கு வரப்போகிறவள் படிக்கிறவள். பெண் பார்க்கப் போனபோது அவள் வீட்டு ஜன்னலோரத்தில் இதே இதழ் கிடந்ததைப் பார்த்தேன். அவள் படித்துவிட்டு, யார் வீட்டுக் கதை என்று புரிந்துகொண்டு, ஒருநாள் சோறு போடும்போது உன்னிடம் சொல்வாள். நம் வீட்டில் எந்தச் செய்தியும் மூன்றாவது ஆள் வழியாகத்தானே போகிறது. இதுவும் அப்படியே போகட்டும்.

நாம் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஒரே பானைச் சோற்றைத்தான் சாப்பிடுகிறோம். சாப்பாடு தயார் என்பதை நான் டிவியைப் பார்த்துச் சொல்கிறேன். "குழம்பு ஆறிக்கிட்டிருக்கு" என்கிறேன். செய்தி வாசிக்கிற பெண் அதைக் கேட்டு என்ன செய்வாள்? நீ வந்து உட்காருகிறாய். உப்பு குறைந்திருந்தால் தட்டைப் பார்த்து, "இன்னிக்கு உப்பு போட மறந்துட்டாங்க போல" என்கிறாய். வயலுக்குப் போனால் பாக்கியம் இருக்கிறாள். நடவுக்கும் களை எடுக்கவும் நமக்கு ஆட்களைக் கூட்டிவருகிறவள், உன்னைத் தொட்டிலில் பார்த்தவள். "யூரியா வந்துருச்சு, வேணுங்கிறவங்க எடுத்துக்கச் சொல்லு பாக்கியம்" என்று நான் சொல்வேன். நீ பத்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாய். "எனக்கு வேணும்னா நான் வாங்கிக்குவேன்னு சொல்லுங்கக்கா" என்பாய். பாக்கியம் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "நான் களை எடுக்க வந்தேனா, பஞ்சாயத்துப் பண்ண வந்தேனா? அதையாவது ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்பாள். ஒருநாள் அவள் அப்படிச் சொன்னதும் நீ சிரித்துவிட்டாய். நானும் சிரித்துவிட்டேன். நான் சிரிப்பதைப் பார்த்ததும் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

உனக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உறவுக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். உன் அப்பா சாது. துபாயிலிருந்து பேசும்போதெல்லாம் "உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாத மனிதர். அவர் வீட்டார்தான், "ஒத்தைப் பொம்பளை எப்படி வயலைப் பாப்பா, குத்தகைக்கு விட்டுரலாம்" என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். முடியாது என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினவள் நான். அப்போது நீ ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடப் பையோடு என் பின்னாலேயே வயலுக்கு வந்து, போ என்று விரட்டியும் போகாமல், வாய்க்காலோரம் உட்கார்ந்து சேற்றை அள்ளி அள்ளி வாமடையை அடைத்தாய். இதைப் படிக்கிற பட்டணத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன், வரப்பில் தண்ணீர் போய்வர வெட்டிவிடும் வாய்க்குத்தான் வாமடை என்று பெயர். "என்னையும் வயல்ல சேத்துக்க, அப்பத்தான் தண்ணி விடுவேன்" என்று அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாய். அன்றைக்கு நான் சிரித்துக்கொண்டே உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். உன்னைத் தூக்க முடிந்த காலம் அது.

உன் அப்பா தவறியபோது நீ சிங்கப்பூரில் இருந்தாய். செய்தி கேட்டு அன்றைக்கே ஓடிவந்தவன் திரும்பிப் போகவில்லை. நான் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காரியம் முடிந்து நீ பெட்டி கட்டுவாய் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கொல்லையில் உட்கார்ந்து மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டுக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. அதை ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை. "இந்தக் காம்பு நீளம் போதாது" என்று சொன்னேன்.

கைக்குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது என்று சொல்லிக்கொடுக்க ஊரே வரும். வளர்ந்த பிள்ளையோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். வயலில் நீ எனக்குப் பிள்ளையா, கூட்டாளியா, கூலி ஆளா, முதலாளியா என்று எனக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. உழவு முடிந்து வரப்புக்கு அண்டை போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ சேற்றை அள்ளி வரப்பின் பக்கவாட்டில் பூசிக்கொண்டே போனாய். நான் பின்னாலேயே வந்து, நீ பூசினதை மறுபடியும் காலால் அழுத்திக்கொண்டு வந்தேன். நண்டுப் பொந்து எதையாவது விட்டுவிட்டாயோ என்ற பயம். எத்தனையோ வருஷம் தனியாகவே பார்த்துப் பழகின கால் அது, சும்மா இருக்கவில்லை. நீ திரும்பிப் பார்த்தாய். "நான் பூசினதுல நம்பிக்கை இல்லன்னா நீயே பூசிக்க" என்றாய். ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அதோடு விட்டிருக்கலாம். "உன்மேல எனக்கு நம்பிக்கை இருக்குன்னு நண்டுக்கு யாரு சொல்றது?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாய். மீதி வரப்புக்கு நானே பூசினேன்.

அடுத்த போகத்தில் நீ என்னைக் கேட்காமலே நடவு மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தினாய். நான் பாக்கியத்திடம் நடவுக்கு நாள் சொல்லி, வெற்றிலை பாக்கும் கொடுத்திருந்தேன். அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. "உன் நல்ல நாளுக்குக் காத்திருந்தா நாத்து முத்திப் போயிரும்" என்றாய். வயல் பக்கமே போகாமல் வீட்டில் படுத்திருந்தேன். பிறகு போய்ப் பார்த்தால், பயிர் வரிசை பிடித்து அவ்வளவு அழகாக நின்றது. பாக்கியத்தின் ஆட்களையும் நீ விட்டுவிடவில்லை, மெஷின் விட்ட இடங்களில் நாற்று ஊன்ற அத்தனை பேரையும் கூப்பிட்டிருந்தாய். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்றேன். நன்றாயிருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் வேறு ஏதாவது சொல்வேனா என்று நீ அந்த வரப்பிலேயே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாய் என்று பாக்கியம் பிறகு சொன்னாள்.

போன தையில் நடந்ததைத் திரும்பச் சொல்ல எனக்கும் பிடிக்கவில்லை, உனக்கும் பிடிக்காது. ஆனால் உன் பெண்டாட்டிக்குத் தெரியவேண்டும் அல்லவா. சம்பா விளைந்து நின்றது. பொங்கல் முடிந்த கையோடு அறுத்துவிடலாம் என்றேன். "இன்னும் பச்சை இருக்கும்மா. ஈர நெல்லைக் கொண்டுபோனா கொள்முதல்ல தள்ளிவிட்ருவாங்க. நாலு நாள் போகட்டும்" என்றாய். நீ சொன்னதும் நியாயம்தான். வானம்தான் கேட்கவில்லை. பெய்கிற காலத்தில் பெய்யாத மழையெல்லாம் சேர்ந்து அந்த நாலு நாளில் பெய்தது. பயிர் பாய் விரித்தாற்போலப் படுத்துவிட்டது. தண்ணீரில் கிடந்த கதிரிலேயே நெல் முளைவிட்டது. நீ ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாய். உன் அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது நீ நின்றதைப் போலவே நின்றாய். அந்த நேரத்தில் பெற்றவள் என்ன செய்யவேண்டும்? பக்கத்தில் போய் நிற்கவேண்டும், அவ்வளவுதான். நான் அறுவடை மெஷின் டிரைவர், பாக்கியம், வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும், "நான் சொன்னப்பவே கேட்டிருந்தா இந்தக் கதி வந்திருக்காது" என்றேன்.

நான் சொன்னது சரி. சரியாக இருந்ததால் எனக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. நீ அந்தக் கதிரைக் கீழே போட்டுவிட்டு, "சொல்லிட்டேல்ல? போதும். என் பங்கைப் பிரிச்சுக் குடுத்துரு. இனிமே உன் வயல்ல நான் கால் வைக்கமாட்டேன், என் வயல்ல நீ வைக்காத" என்றாய். நீ என் முகத்தைப் பார்த்து நேராகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அதையே நான் எத்தனை தடவை மனதுக்குள் கேட்டிருப்பேன் என்று உனக்குத் தெரியாது. வேறு பேச்சு இல்லாததால் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வைகாசியில் உன் சித்தப்பா வந்து கயிறு பிடித்து அளந்தார். ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், நடுவில் வரப்பே இல்லாத ஒரே தாக்கு. பட்டா கிட்டா எதுவும் மாற்றவில்லை, நடுவில் ஒரு வரப்பு மட்டும் என்று பேச்சு. நம் வயலுக்கு மேல்தலைப்பில் பாசன வாய்க்கால், கீழ்க்கடைசியில் வடிகால். மேலே நுழைகிற தண்ணீர் கீழே போய்த்தான் வடியவேண்டும். "மேல்பாதியை அவனுக்குக் குடுத்துருங்க" என்றேன். சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யோசிச்சுக்குங்க அண்ணி. அவன் வயல்ல பாஞ்சுதான் உங்களுக்குத் தண்ணி வரணும். பய இருக்கிற கோவத்துல வாமடையைத் தெறக்கமாட்டேன்னுட்டா?" என்றார். எனக்கா தெரியாது? தெரிந்துதான் கேட்டேன். தண்ணீர் வேண்டுமென்றால் நான் உன்னிடம் வந்துதானே ஆகவேண்டும். "தம்பி, கொஞ்சம் தண்ணி விடுடா" என்று சொல்லித்தானே ஆகவேண்டும். அதற்கு நீ திட்டியாவது ஒரு பதில் சொல்வாய். பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்கு நான் போட்ட திட்டம் அது.

நீ ஆள் வைக்காமல் ஒருவனாகவே அந்த வரப்பைப் போட்டாய். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை குறுக்கே போட்டு முடித்துவிட்டாய். வாமடை மட்டும் விடவில்லை. வரப்பு போடுகிறவன் வாமடை விடாமல் போட்டதை நம் ஊரில் யாரும் பார்த்ததில்லை. டீக்கடையில் அதுதான் பேச்சு. நான் பொறுமையாக இருந்தேன். மேட்டூர் அணை திறந்து, நம் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நீ வந்து வெட்டிவிடத்தான் வேண்டும் என்று காத்திருந்தேன். தண்ணீர் வந்தது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், உன் வயலோரமாக வாய்க்காலிலிருந்து என் வயல் வரை பிவிசி குழாய் போட்டிருந்தாய். என் பக்கத்து முனையில் ஒரு மூடி. எப்போது வேண்டுமானாலும் நானே திறந்துகொள்ளலாம், நானே மூடிக்கொள்ளலாம். உன்னைக் கேட்கவே வேண்டாம்.

"பாருங்கக்கா, பேசுறானோ இல்லியோ, தம்பிக்கு உங்க மேல எம்புட்டு அக்கறைன்னு" என்றாள் பாக்கியம். எனக்கு அந்த மூடியைத் திறக்கும்போது அழுகை வந்துவிட்டது. தண்ணீர் நன்றாகத்தான் பாய்ந்தது. அது அக்கறைதான், நான் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் என்னோடு பேசாமல் இருப்பதற்காக எடுத்துக்கொண்ட அக்கறை. இரண்டையும் ஒரே குழாயில் எப்படித்தான் வைத்தாயோ. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது யோக்கியதை இல்லை. இருந்தாலும் இந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இப்படிக் குழாய் போட்டுவிடாதே. அவளுக்கு வேண்டியதெல்லாம் அவள் வாய் திறக்கும் முன்பே வந்துவிட்டது, இனி அவள் நம்மிடம் பேசத் தேவையில்லை என்று ஏற்பாடு செய்துவிடாதே. அவள் வந்து கேட்கட்டும். நீ கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுக் கொடு. வீடு என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும்.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. என் வயலில் வடிகால் பக்கம் திறந்துவிட்டேன், தண்ணீர் அது பாட்டுக்கு வடிந்தது. உன் வயலில் வடிய வழியில்லை. மழைத்தண்ணீர் முழுக்க நீ போட்ட அந்தப் புது வரப்பில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. நட்டு ஒரு மாதமான பயிர், நுனிகூடத் தெரியவில்லை. வரப்பில் ஒரு கொத்துக் கொத்தினால் அத்தனை தண்ணீரும் என் வயல் வழியாக ஓடிப்போயிருக்கும். நீ என்ன செய்தாய்? டீசல் எஞ்சினை வாடகைக்குக் கொண்டுவந்து, தண்ணீரை மேலே வாய்க்காலுக்கு இறைத்தாய். வாய்க்காலே கரை தட்டி ஓடுகிறது. நீ இறைத்த தண்ணீர் நாலு எட்டு போய், மடை தளும்பி, திரும்ப உன் வயலுக்கே வந்தது. அந்த வழியாகப் போனவர்கள் எல்லாம் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள். மழையில் நனைந்துகொண்டு நீ அந்த எஞ்சினையே முறைத்துக்கொண்டிருந்தாய்.

நான் என் பக்கம் வரப்போரமாக மண்வெட்டியோடு நின்றேன், தம்பி. அந்த ஒரு கொத்து என் கையில் இருந்தது. கொத்தினால், ஊர் பார்க்க, நீ போட்ட வரப்பை உன் அம்மா வந்து வெட்டிவிட்டாள் என்று ஆகும். நீ பூசின இடத்தை நான் மறுபடி காலால் அழுத்தினதைவிட அது மோசம். கொத்தாமல் இருந்தால் பயிர் என் கண்ணெதிரே மூச்சுத் திணறிச் சாகிறது. நீ குழந்தையாக இருந்து காய்ச்சலில் கிடந்தால், நீ வாயை மூடிக்கொண்டாலும் மூக்கைப் பிடித்து மருந்தை ஊற்றியிருப்பேன். இது ஆறடி ஆண்பிள்ளை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வயல் வேலை, எதையாவது கண்டால் உடனே கையை வைத்துவிடுவேன். கையை வைக்கக்கூடாத இடத்தில் எப்படி நிற்பது என்று எனக்குத் தெரியவே இல்லை. அவ்வளவு கையாலாகாதவளாக நான் என்றைக்கும் நின்றதில்லை. உன் அப்பா போனபோதுகூட இல்லை.

கடைசியில் எனக்குத் தெரிந்த வழியில்தான் போனேன். வேடிக்கை பார்த்தவர்களோடு பாக்கியமும் நின்றுகொண்டிருந்தாள். "பாக்கியம், என் வடிகால் தெறந்துதான் கெடக்கு. யாருக்குத் தண்ணி வடியணுமோ அவங்க வரப்பை வெட்டிவிட்டுக்கச் சொல்லு. என் பயிருக்கு ஒண்ணும் ஆகாது" என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினேன். நீ என்னைப் பார்க்கவில்லை. "முந்தாநாள்தான் அவங்க உரம் போட்டிருக்காங்க. என் தண்ணிய விட்டா அம்புட்டும் அடிச்சுக்கிட்டுப் போயிரும். வேணாம்னு சொல்லுங்கக்கா" என்றாய். உரம் முதல் நாள் மழையிலேயே கரைந்து போய்விட்டது. அதைச் சொன்னால் நீ வேறு காரணம் கண்டுபிடிப்பாய் என்று சொல்லவில்லை. நான் உரம் போட்டது உனக்கு எப்படித் தெரியும்? என் வயலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். என் உரம் போய்விடக்கூடாது என்று நினைத்தாயா, என் தயவு வேண்டாம் என்று நினைத்தாயா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மழை விட்டபோது வரப்போரப் பயிர் அழுகிவிட்டது. பிழைத்த பயிரில் தூர் பிரித்து எடுத்து, அந்த இடம் முழுக்கக் குனிந்து குனிந்து நீயே ஊன்றினாய். ஆள் வைத்துக்கொள்ளவில்லை. நான் வீட்டில் வெந்நீர் வைத்து, "வெந்நி காயுது" என்று டிவியிடம் சொன்னேன்.

கார்த்திகையில் திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து உன் மாமனார் நம் வீட்டைப் பார்க்க வந்தார். வீட்டைப் பார்த்ததைவிட வயலைத்தான் அதிகம் பார்த்தார், அவரும் சாகுபடிக்காரர் அல்லவா. காப்பி குடித்த கையோடு வயலுக்குப் போவோம் என்றார். போனதும் அவர் கண் நேராக அந்த வரப்பில்தான் போய் நின்றது. புல் முளைக்காத புது மண், எங்கேயும் வாமடை இல்லை. "என்ன மாப்ள, ஒரே தாக்கு நெலத்துல நடுவுல புதுசா ஒரு வரப்பு?" என்றார். தாயும் பிள்ளையும் பாகம் பிரித்துக்கொண்ட வீட்டில் பெண்ணைக் கொடுக்க எந்த அப்பனுக்கு மனசு வரும்? பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன். நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அம்மாவுக்கு முட்டி வலி மாமா. சேத்துல எறங்கி நடக்க முடியல. நடுவுல நடந்துபோய்ப் பயிரைப் பாத்துக்கட்டும்னு போட்டது" என்றாய்.

அவர் தலையை ஆட்டினார். "அம்மாவை இப்படி வச்சுக்கிற புள்ளை பொண்டாட்டியையும் நல்லா வச்சுக்கும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறினார். என் சம்பந்தியிடம் நானும் சேர்ந்து பொய் சொன்ன மாதிரிதான் ஆயிற்று. ஆனால் அது ஒரு பக்கம் இருக்கட்டும். முட்டி வலி என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை, தம்பி. பேசிக்கொண்டிருந்த காலத்திலும் சொன்னதில்லை. பாக்கியத்திடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவளைக் கேட்டால், சத்தியமாக நான் சொல்லவில்லை என்கிறாள். நான் படியில் இறங்கும்போது சுவரைப் பிடிப்பதை நீ பார்த்திருக்க வேண்டும். பேசாத பிள்ளை இதையெல்லாம் எப்போது பார்த்தாய்?

அதற்குப் பிறகும் வீட்டில் ஒன்றும் மாறவில்லை. நான் டிவியிடமும் நீ தட்டிடமும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் மார்கழி பிறந்து ஒருநாள் வயலுக்குப் போனால், அந்த வரப்பு அகலமாகியிருந்தது. ஒரு ஆள் தாராளமாகக் கால் வைத்து நடக்கிற அளவுக்கு உன் பக்கத்திலிருந்து மண் அணைத்திருந்தாய். பயிர் பொதி கட்டி, கதிர் தள்ளப்போகிற நேரம் இது. இப்போது எந்த விவசாயியாவது பயிரை அழித்து வரப்பை அகலப்படுத்துவானா? அதுவும் எந்தப் பயிரை? வெள்ளம் வடிந்தபின் நீ முதுகு ஒடிய ஊன்றின தூர்களை, பிழைத்துப் பச்சை பிடித்த அதே தூர்களை மண்ணுக்குள் வைத்து மூடியிருக்கிறாய். மாமனாரிடம் சொன்ன பொய், அவர் மறுபடி வந்தால் மெய்யாக இருக்கவேண்டும் என்று செய்தாயா? என் முட்டிக்காகச் செய்தாயா? ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க முடியாமல்தான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. நிலத்தைத் திரும்பச் சேர்த்துக்கொள் என்று சொல்லமாட்டேன். உன் பாதியை நீ பார், உன் மனம் போல் பார், நான் பின்னால் வந்து அழுத்திக்கொண்டிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். சொன்னாலும் என் கால் கேட்குமா என்று எனக்கே சந்தேகம். அதனால் வரப்பு இருக்கட்டும், அகலமாகவே இருக்கட்டும். அதில் ஒரு இடத்தில், உனக்குப் பிடித்த இடத்தில், ஒரு வாமடை மட்டும் வெட்டிவிடு. நான் வெட்ட மாட்டேன். அடுத்த மழைக்கு உன் தண்ணீர் என் வயலில் இறங்கட்டும். உரம் போனால் போகிறது. எனக்கு அந்தத் தண்ணீர் வேண்டும்.

நேற்றுக் காலையில் முதல் தடவையாக அந்த வரப்பில் நடந்தேன். பனி ஈரத்தில் புது மண் வழுக்கியது. எனக்குப் பின்னால் பாக்கியம் வந்துகொண்டிருந்தாள். நீ வாய்க்கால் பக்கம் குனிந்து எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தாய். நாங்கள் பாதி தூரம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாய். "வழுக்குது, பாத்து" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாய். பெயர் சொல்லவில்லை, முறை சொல்லவில்லை. வரப்பில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். நான் அங்கேயே நின்றுவிட்டேன். "என்னக்கா, முட்டியா?" என்று கேட்டாள் பாக்கியம். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

அதை நீ எனக்குச் சொன்னதாகவே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், தம்பி. அவளுக்குச் சொன்னதாக இருந்தால், தயவுசெய்து அதை மட்டும் எனக்குத் தெரியப்படுத்திவிடாதே.

உன் அம்மா